ரேஷன் பாமாயிலும் நம்ம ஊர்க் கடலையும்

ஆலங்குடி வட்டாரத்துச் செம்மண்ணில் கடலை நன்றாக வரும். அந்த மண்ணில் கடலை போட்டவர் வீட்டு அடுப்படியிலேயே இன்றைக்கு ரேஷன் கடைப் பாமாயில் பாக்கெட்தான் இருக்கிறது. அட்டைக்கு மாதம் 1 லிட்டர், 25 ரூபாய். கூடவே 30 ரூபாய்க்கு 1 கிலோ பருப்பு. விலைவாசி ஏறிய நேரத்தில், 2007இல் வந்த திட்டம். ஏழைக் குடும்பத்துக்கு இது பெரிய ஒத்தாசை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நான் கேட்பது வேறு.

தமிழ்நாட்டில் 2 கோடிக்கு மேல் குடும்ப அட்டைகள் இருக்கின்றன. அட்டைக்கு ஒரு லிட்டர் என்றால் மாதத்துக்கு 2 கோடி லிட்டர் வரை எண்ணெய். சந்தை விலைக்கும் 25 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசத்தை நம் வரிப்பணத்திலிருந்து அரசு கொடுக்கிறது. அந்தப் பணம் கடைசியில் யார் கையில் போய்ச் சேருகிறது? பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து கப்பலில் வருகிறது. பருப்பிலும் ஒரு பங்கு மியான்மர், மொசாம்பிக், தான்சானியாவிலிருந்து வருவது. கனடா மஞ்சள் பருப்பும் நம் ரேஷன் கடைகளில் போட்டிருக்கிறார்கள். ஆக, நம் பணத்தில் நமக்கே மானியம் கொடுக்கிறார்கள், விளைச்சலுக்கான காசு மட்டும் கடல் தாண்டிப் போய்விடுகிறது. இங்கே கடலை போட்டவர் களத்தில் வியாபாரி சொன்ன விலைக்கு மூட்டையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் பாமாயில் வாங்க வரிசையில் நிற்கிறார்.

"சார், இதெல்லாம் கவர்மெண்டு சமாச்சாரம், நாம என்ன பண்ண முடியும்?" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கவர்மெண்டு சமாச்சாரம் என்பதால்தான் எழுதுகிறேன்.

வரத்து சரி, மடை?

முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் நான். பாதிக்கு மேல் கிராமக் கிளைகளில். கிராமத்துக்குப் பணமே வருவதில்லை என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நன்றாகவே வருகிறது. நெல் போட்ட காசு, பால் காசு, நூறு நாள் வேலைக் கூலி, முதியோர் உதவித்தொகை, மகளிர் உரிமைத்தொகை, வாத்தியார் சம்பளம், சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பிள்ளைகள் அனுப்புவது என எல்லாம் அந்தக் கிளை வழியாகத்தான் வந்தது. வந்த வேகத்தில் போனதையும் அதே கவுண்டரில் பார்த்தேன். உரக்கடைக்கு, பூச்சிமருந்துக் கம்பெனிக்கு, டிராக்டர் தவணைக்கு, டவுன் பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, பிராண்டு எண்ணெய்க்கு.

கண்மாய்க்கு வரத்து வாய்க்காலை வெட்டி விடச் சொல்லி நாம் மனு கொடுக்கிறோம். மடை பழுதாகி ராத்திரி பகலாகத் தண்ணீர் போவதை யாரும் பார்ப்பதில்லை. மானியத் திட்டங்களும் அப்படித்தான். சொட்டுநீர் மானியம் வந்தால் குழாய்க் கம்பெனிக்குப் போகிறது. இயந்திர மானியம் வந்தால் இயந்திரக் கம்பெனிக்குப் போகிறது. விவசாயி பெயரில் பட்டியல் இருக்கும், காசு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடும்.

கணக்காகச் சொல்கிறேன். ஊருக்குள் 100 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் அதில் 80 ரூபாயை ஊருக்குள்ளேயே செலவு செய்கிறார். செக்குக்காரரிடம் எண்ணெய் வாங்குகிறார், ஆசாரியிடம் கலப்பை அடிக்கிறார், பக்கத்துத் தோட்டத்தில் காய் வாங்குகிறார். அந்த 80 கைக்கு வந்தவர்கள் அதிலும் 80 சதவீதத்தை, அதாவது 64 ரூபாயை ஊருக்குள் விடுகிறார்கள். அடுத்து 51 ரூபாய் சொச்சம். இப்படியே போய்க் கூட்டினால் அந்த ஒரே 100 ரூபாய் மொத்தம் 500 ரூபாய் வியாபாரம் செய்துவிட்டுத்தான் ஊரைவிட்டுப் போகும். அதே 100 ரூபாயில் 20 மட்டும் ஊருக்குள் தங்கினால்? 20, அப்புறம் 4, அப்புறம் ஒரு ரூபாய்கூட இல்லை. மொத்தம் 125 ரூபாயோடு கதை முடிந்தது. வந்த பணம் ஒன்றுதான். ஒரு ஊரில் நாலு பேருக்கு வேலை இருக்கிறது, இன்னொரு ஊரில் பையன்கள் திருப்பூர் பஸ் ஏறுகிறார்கள்.

இதை நமக்கு முன்னால் கண்டு சொன்னவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. அவரும் கணக்குக்காரர்தான், லண்டனில் தணிக்கை படித்தவர். காந்தி சொல்லி குஜராத்தில் மாதர் தாலுகாவில் வீடு வீடாகப் போய் வரவு செலவுக் கணக்கு எடுத்தார். 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தை நடத்தினார். கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் வந்து தங்கினார். செக்கையும் கைக்குத்தல் அரிசியையும் அவர் தூக்கிப் பிடித்ததைப் பழமை மோகம் என்று படித்தவர்கள் அப்போது கேலி பேசினார்கள். வேலையும் காசும் ஊரிலேயே நிற்க வேண்டும் என்பதுதான் அவர் போட்ட கணக்கு.

டெண்டரைப் பிரித்த ஊர்

இந்தக் கணக்கை ஓர் அரசாங்கமே கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் ஊர் இருக்கிறது. லங்காஷயர் மாகாணத்தில் பிரஸ்டன். ஒரு காலத்தில் பருத்தி ஆலைகள் நிறைந்த ஊர், ஆலைகள் மூடியதும் படுத்துவிட்டது. பெரிய வணிக வளாகம் ஒன்று வந்தால் ஊர் நிமிர்ந்துவிடும் என்று பல வருடம் காத்திருந்தார்கள். 70 கோடி பவுண்டு திட்டம். 2011இல் அதுவும் கைவிடப்பட்டது. மத்திய அரசு நிதியையும் வெட்டிக்கொண்டிருந்த நேரம்.

வெளியிலிருந்து யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்ததும் நகரமன்றம் ஒரு காரியம் செய்தது. ஊரைவிட்டு ஓடிப்போக முடியாத நிறுவனங்கள் எவை என்று பார்த்தார்கள். நகரமன்றம், மாகாண மன்றம், இரண்டு கல்லூரிகள், காவல்துறை, ஒரு வீட்டுவசதி அமைப்பு என ஆறு. இந்த ஆறும் சேர்ந்து வருடத்துக்கு 75 கோடி பவுண்டுக்குப் பொருளும் சேவையும் வாங்கின. 2012-13 கணக்கை எடுத்துப் பார்த்தால் அதில் 100க்கு 5தான் பிரஸ்டனுக்குள் செலவாகியிருந்தது. லங்காஷயர் முழுவதையும் சேர்த்தாலே 39தான். மீதி லண்டனுக்கும் எங்கெங்கோ உள்ள பெரிய கம்பெனிகளுக்கும்.

புதிதாக ஒரு பைசா மானியம் கொடுக்கவில்லை. வாங்கும் முறையை மாற்றினார்கள். இதில் எனக்குப் பிடித்தது பள்ளிக்கூடச் சாப்பாட்டு ஒப்பந்தம். சுமார் 16 லட்சம் பவுண்டு மதிப்புள்ள உணவு ஒப்பந்தம் அது. மொத்தமாக விட்டால் பெரிய கம்பெனிதான் எடுக்க முடியும். அதைத் தயிர், பால், முட்டை, பாலாடைக்கட்டி என்று பொருள்வாரியாகத் துண்டு துண்டாகப் பிரித்து டெண்டர் விட்டார்கள். லங்காஷயர்க்காரர்களே எடுத்தார்கள், அந்த வட்டாரப் பண்ணைப் பொருள் பள்ளிக்கூடத்துக்குப் போனது. சட்டத்தை மீறவில்லை, விலையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிக் கொடுக்கவில்லை. துண்டின் அளவைச் சின்னதாக்கினார்கள், அவ்வளவுதான்.

2016-17இல் திரும்பக் கணக்குப் பார்த்தபோது பிரஸ்டனுக்குள் செலவான பங்கு 18 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மாகாணத்துக்குள் 79. நிதிவெட்டால் மொத்தச் செலவே 62 கோடி பவுண்டு அளவுக்குக் குறைந்திருந்தது, அப்படியும் உள்ளூருக்கு வந்த பணம் கூடியிருந்தது. பிரஸ்டன் இதனால் சொர்க்கமாகிவிட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு, அந்த அளவுக்கு நான் போக மாட்டேன். பக்கத்து ஊர் வியாபாரத்தைப் பிடுங்கித் தன் ஊருக்கு வைத்துக்கொள்வதுதானே இது என்று கேட்கிறவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் கடல் தாண்டி வரும் பாமாயிலுக்குப் பதில் ஆலங்குடிக் கடலை எண்ணெய் வாங்கினால் நம் பக்கத்து ஊர்க்காரர் யாரும் நட்டப்பட மாட்டார்.

சத்துணவில் 30 சதவீதம்

பிரஸ்டனாவது ஒரு நகரம். பிரேசில் ஒரு நாடு, நம்மைப்போலச் சத்துணவு போடும் நாடு. அங்கே பொதுப் பள்ளிகளில் 4 கோடி பிள்ளைகள் அளவுக்குச் சாப்பிடுகிறார்கள். 2009இல் ஒரு சட்டம் போட்டார்கள். பள்ளி உணவுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடமிருந்து நேரடியாக வாங்க வேண்டும். முடிந்தால் வாங்குங்கள் என்ற வேண்டுகோள் இல்லைங்க, சட்டம். அதற்காக வழக்கமான குறைந்த விலை டெண்டரிலிருந்து விலக்கும் கொடுத்தார்கள். ஊராட்சி என்ன காய், எத்தனை கிலோ, என்ன விலை என்று முன்கூட்டியே அறிவிக்கும். விலை வட்டாரச் சந்தையைப் பார்த்து முடிவாகும். விவசாயிகளும் அவர்கள் சங்கங்களும் எழுதிக் கொடுக்கலாம். வரிசையில் முதல் இடம் உள்ளூர்க்காரருக்கு. அதிலும் நிலச்சீர்திருத்தத்தில் நிலம் பெற்றவர்கள், பழங்குடிகள், முன்பு அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுக் குடியிருப்புகள் ஆகியோருக்கு முன்னுரிமை.

நமக்கு முக்கியமான ஒன்று இதில் இருக்கிறது. இயற்கை விளைபொருளாக இருந்தால் சாதாரணப் பொருளின் விலையைவிட 30 சதவீதம் வரை கூட்டிக் கொடுக்கலாம். நஞ்சில்லாச் சோறு பணக்காரர் வீட்டுச் சமாச்சாரம் என்று நம்மைக் கிண்டல் செய்கிறவர்களுக்கு இதைத்தான் நான் பதிலாகச் சொல்வேன். அங்கே அது அரசுப் பள்ளிப் பிள்ளை தட்டில் விழுகிறது. 2025இல் இந்த 30 சதவீதத்தை 45 ஆக உயர்த்தியும் சட்டம் போட்டுவிட்டார்கள். திட்டம் உருப்படாமல் போயிருந்தால் உயர்த்தியிருப்பார்களா?

நம் வீட்டிலேயே இருக்கிறது

வெளிநாட்டுக் கதை போதும். இந்த யோசனை தமிழ்நாட்டுக்குப் புதிதே இல்லை. பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை கொடுக்கிறார்களே, 1983இல் எம்.ஜி.ஆர். காலத்தில் தொடங்கியது. ஏழைக்குத் துணி என்பது ஒரு பாதி. நெசவாளருக்கு வேலை என்பது மறுபாதி. துணியை எங்கோ சூரத்தில் மலிவாக வாங்கியிருக்கலாம். நம் தறிகளில் நெய்ய வைத்தார்கள்.

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் கலைஞர் தொடங்கிய உழவர் சந்தையும் அந்த வகைதான். கடைக்கு வாடகை இல்லை, இடையில் ஆள் இல்லை, மொத்தச் சந்தை விலையைவிடக் கூடவும் சில்லறைக் கடை விலையைவிடக் குறையவும் விலை வைக்கிறார்கள். பாதிச் சந்தையில் வியாபாரிகள் புகுந்துவிட்டார்கள் என்ற புலம்பல் உண்மைதான். ஆனாலும் காலை 9 மணிக்குள் கீரையை விற்று முடித்து, அன்றைய காசை மடியில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், சந்தை வேண்டாம் என்று ஒருத்தர் சொல்ல மாட்டார். பால் சொசைட்டி இன்னொன்று. மாதத்துக்கு மூன்று தடவை காசு ஊருக்குள் பட்டுவாடா ஆகிறது. அந்தக் காசில் ஒரு பங்கு கலப்புத் தீவனமாக வெளியே போய்விடுகிறது. உள்ளூர்ச் செக்கில் கடலை ஆட்டினால் புண்ணாக்கும் மாட்டுக்கு இங்கேயே கிடைக்கும் என்பதை இந்த இடத்தில் சேர்த்துப் படிக்கவும்.

தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2023 முதல் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கிறார்கள். கேழ்வரகை அரசே ஆதார விலையில் கொள்முதல் செய்யவும் தொடங்கியது. அந்த ஆதார விலை 2025-26க்குக் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். ஒடிசாவில் 2017இல் சிறுதானிய இயக்கம் தொடங்கி, பழங்குடி விவசாயிகளிடம் கேழ்வரகு வாங்கி ரேஷனில் போட்டார்கள். கியோஞ்சர் மாவட்ட அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு அதை லட்டாகவும் கொடுத்தார்கள். உருட்டியது அந்த ஊர் மகளிர் குழுக்கள்.

2023 பொங்கல் கரும்பு ஞாபகம் இருக்கிறதா? பரிசுத் தொகுப்பில் முதலில் கரும்பு இல்லை. அரசு வாங்கும் என்று நம்பி நட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சில நாளில் முழுக் கரும்பு சேர்க்கப்பட்டது. வெட்டுக்கூலி, வண்டிக்கூலி எல்லாம் சேர்த்துக் கரும்புக்கு அதிகபட்சம் 33 ரூபாய் என்று அரசு வைத்தது. இடையில் புரோக்கர்கள் புகுந்து விவசாயி கைக்கு 33 வரவில்லை என்ற புகாரும் எழுந்தது. இதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். அரசின் ஒரே ஒரு கொள்முதல் முடிவு பல ஊர்களின் பயிரைத் தீர்மானிக்கிறது. நாம் அமைப்பாக நிற்காத இடத்தில் புரோக்கர் நிற்பார்.

அதே சமயம், காலை உணவுத் திட்டத்தைப் பாருங்கள். 2022இல் தொடங்கிய அருமையான திட்டம், பசியோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு வயிறு நிறைகிறது. பட்டியலில் ரவா உப்புமாவும் சேமியாவும் இருக்கின்றன. இரண்டும் கோதுமை. தமிழ்நாட்டில் கோதுமை விளையும் மாவட்டம் எது என்று யாராவது சொல்லட்டும். வரகு, சாமை, குதிரைவாலி விளைகிற மாவட்டங்களின் பெயரை நான் சொல்கிறேன்.

பெரிய டெண்டர், சின்னக் கை

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்குங்கள் என்று அரசு நம்மை அழைக்கிறது. 2020இல் மத்திய அரசு 10,000 நிறுவனங்கள் என்று இலக்கு வைத்தது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும். நிர்வாகச் செலவுக்கு மூன்று வருடத்தில் 18 லட்சம் வரை, பங்கு மூலதனத்துக்கு 15 லட்சம் வரை உதவி. நல்லது. நிறுவனம் தொடங்கியாயிற்று, எண்ணெய் ஆட்டியாயிற்று. யாருக்கு விற்பது?

நானும் சேர்ந்திருக்கிற ஒரு நிறுவனம் ஓர் அரசுத் துறையின் டெண்டருக்கு விண்ணப்பிக்கப் பார்த்தது. தாளைப் படித்ததுமே மூடிவைக்க வேண்டியதாயிற்று. மூன்று வருட விற்றுமுதல் இவ்வளவு கோடி, முன்வைப்புத் தொகை இத்தனை லட்சம், எல்லா மாவட்டக் கிடங்குக்கும் நீங்களே கொண்டுவந்து இறக்க வேண்டும். "எங்க ஊர் ஹாஸ்டலுக்கு மட்டும் போடுறோம் சார், அதுக்கு வழியில்லையா?" என்று எங்கள் தலைவி கேட்டார். ஐம்பத்தைந்து வயது, எட்டாவது படித்தவர், கணக்கில் என்னைவிடக் கெட்டி. "அப்படிப் பிரிச்சுக் கொடுக்க ரூல்ஸ் இல்லம்மா" என்று பதில் வந்தது. ஒரு கையால் 300 பேரைச் சேர்த்து நிறுவனம் தொடங்க வைத்து, மறு கையால் வாசலை அடைப்பது என்ன கொள்கை என்று எனக்குப் புரியவில்லை.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் வந்தது. ஊழலைத் தடுக்க வந்த சட்டம், அது வேண்டும். டெண்டரே விடாமல் தப்பிப்பதற்காகத் துண்டு போடுவது தவறுதான். ஆனால் மாவட்டவாரியாக, பொருள்வாரியாக, எல்லோருக்கும் தெரியும்படி பிரித்து டெண்டர் விட்டால் அதில் எந்த வெளிப்படைத்தன்மை குறைகிறது? போட்டி போடுகிறவர்கள் கூடத்தானே செய்வார்கள்?

முன்மாதிரி டெல்லியிலேயே இருக்கிறது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வருடக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்று 2012இல் போட்ட ஆணை நடப்பில் உள்ளது. முதலில் 20 என்று இருந்தது, 2018இல் 25 ஆனது. அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4, பெண்களுக்கு 3 சதவீதம். போல்ட்டு நட்டு செய்கிறவருக்கு ஒதுக்கீடு கொடுக்க முடிகிற நாட்டில், அந்தப் போல்ட்டு செய்கிறவர் மகன் விடுதியில் சாப்பிடும் பருப்புக்கு ஏன் முடியாது?

பணம் கொடுக்கும் நாளையும் சொல்ல வேண்டும், இது வங்கிக்காரன் பேச்சு. சின்ன நிறுவனம் விலை குறைவால் சாவதைவிடப் பாக்கி வராமல் சாவதே அதிகம். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 45 நாள் நமக்கு நீளம். களத்தில் கூலி அன்றைக்கே கொடுக்க வேண்டும். ஆர்டர் கடிதத்தைக் காட்டினால் கூட்டுறவு வங்கி அதன் பேரில் பாதிப் பணத்தை முன்பணமாகத் தரும் ஏற்பாடு இருந்தால் போதும், நிறுவனம் பிழைத்துக்கொள்ளும்.

ஊர்ச் சேமிப்பு எங்கே போகிறது

கொள்முதல் ஒரு மடை என்றால் வங்கி இன்னொரு மடை. 1969 ஜூலையில் 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கிய பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் கிராமத்துக்கு வந்தோம். முன்னோடி வங்கித் திட்டமும் அதே வருடம். நல்ல நோக்கம், ஏராளமான நல்ல வேலையும் நடந்தது. ஆனால் கிளைக்கு மேலிருந்து வந்த முதல் கேள்வி எப்போதும் டெபாசிட் எவ்வளவு என்பதுதான். வெளிநாட்டுப் பணம் வரும் ஒரு கிளையில் நான் இருந்தேன். அங்கே திரட்டிய டெபாசிட்டில் பாதிகூட அந்த ஊரில் கடனாக இல்லை. கிராம, சிறுநகரக் கிளைகளில் 60 சதவீதமாவது கடனாகப் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. ஆனால் அது ஒரு வங்கியின் நாடு தழுவிய மொத்தக் கணக்கில் வந்தால் போதும். உங்கள் ஊர்க் கிளையில் வந்தாக வேண்டும் என்று இல்லை.

தமிழ்நாட்டின் மொத்த விகிதம் 100க்கும் மேல், நாட்டிலேயே முன்வரிசை என்று பெருமையாகச் சொல்வார்கள். சென்னை, கோவை, திருப்பூரைச் சேர்த்தால் அப்படித்தான் வரும். கிராமக் கிளையின் கடன் பட்டியலைத் திறந்தால் பெரும்பகுதி நகைக்கடன். சிட்டா அடங்கலோடு வைத்தால் விவசாயக் கடன் என்று ஏறும். அந்தக் காசில் எவ்வளவு உழவுக்குப் போனது, எவ்வளவு காலேஜ் பீஸுக்கும் கல்யாணத்துக்கும் போனது என்று எந்த அறிக்கையிலும் வராது. செக்கு வைக்க, உலர்களம் போட, கிடங்கு கட்டக் கடன் கேட்டு வருகிறவர் பத்துத் தடவை நடப்பார். நகையோடு வருகிறவர் பத்து நிமிடத்தில் பணத்தோடு போவார்.

இன்னொரு கதவும் இருக்கிறது, வெளியே அதிகம் பேசப்படாதது. வங்கிகள் கடனில் 40 சதவீதம் முன்னுரிமைத் துறைக்கும், அதில் 18 விவசாயத்துக்கும், அதற்குள் 10 சிறு, குறு விவசாயிக்கும் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாத வங்கி என்ன செய்யும்? 1995-96 முதல் நபார்டில் உள்ள ஊரக உள்கட்டமைப்பு நிதியில் பணத்தைப் போட்டுவிடலாம். அது மாநில அரசுக்குக் கடனாகிப் பாலமாக, சாலையாக வரும், அதிலாவது நமக்கு ஒரு பயன் உண்டு. 2016 முதல் சான்றிதழ் வாங்கலாம். சிறு விவசாயிக்கு அதிகமாகக் கடன் கொடுத்த வங்கியிடம் அந்தக் கணக்கைக் காசு கொடுத்து வாங்கித் தன் இலக்கில் காட்டிவிடலாம். கடன் இடம் மாறாது, தாளில் மட்டும் மாறும். உங்கள் ஊர்க் கிளை உங்களுக்கு ஒரு ரூபாய் கொடுக்காமலே அதன் தலைமையகம் இலக்கை எட்டிவிடும்.

இதற்கு நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. ஒவ்வொரு கிளையும் திரட்டிய டெபாசிட், அந்த ஊரில் கொடுத்த கடன், அதில் நகைக்கடன் போக மீதி ஆகிய மூன்று எண்ணையும் வருடத்துக்கு ஒருமுறை கிளை வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். ஒட்டினால் மற்றதை மக்கள் கேட்டுக்கொள்வார்கள்.

உள்ளூர் என்றால் யார்?

ஒரு எச்சரிக்கை. உள்ளூர், உள்ளூர் என்று பேசும்போது ஊரில் யார் என்பதையும் கேட்க வேண்டும். டெண்டரைப் பிரித்து, அதை ஊர்ப் பெரிய பண்ணையும் அவர் மச்சானும் எடுத்துக்கொண்டால் காசு ஊரில்தான் இருக்கும், ஒரே வீட்டில் இருக்கும். குத்தகைக்காரருக்குப் பட்டா இல்லை, அதனால் அடங்கல் சான்றுக்கு அலைகிறார், அது இல்லாததால் கொள்முதல் நிலையத்தில் அவர் பெயரில் விற்க முடியவில்லை. காலனித் தெருப் பெண்கள் களை எடுத்த கடலையில் அவர்களுக்குப் பங்கு கூலி மட்டும்தான். உற்பத்தியாளர் நிறுவனங்களிலும் நிலம் உள்ளவரே உறுப்பினர் என்று நாமே வைத்திருக்கிறோம். பிரேசில் சட்டம் யாருக்கு முதலிடம் என்று பெயர் சொல்லி எழுதியது இதனால்தான். செக்கு, உடைப்பு மில், சமையல் கூடம், லட்டு உருட்டுவது ஆகிய வேலைகளை நிலமில்லாதவர்களின் குழுக்களுக்கு ஒதுக்காமல் நாம் கொண்டுபோகும் கோரிக்கை அரைக் கோரிக்கை.

விலை விஷயத்திலும் நேர்மையாகப் பேசுவோம். செக்கில் ரெண்டரைக் கிலோ கடலைப்பருப்பு போட்டால்தான் ஒரு லிட்டர் எண்ணெய். பாமாயில் விலைக்கு அது வராது. 2 கோடி லிட்டரையும் நாளைக்கே மாற்று என்று கேட்டால் கஜானாவும் தாங்காது, நம் களத்தில் அவ்வளவு கடலையும் கிடையாது. ஒரு மாவட்டம் கேட்போம், தர்மபுரிக்குக் கேழ்வரகு கொடுத்ததுபோல. புதுக்கோட்டையிலோ திருவண்ணாமலையிலோ சத்துணவுக்கும் விடுதிக்கும் மட்டும் கடலை எண்ணெய், மூன்று வருடம். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் எண்ணெய். தேங்காய் விலை படுத்தபோது ரேஷனில் தேங்காய் எண்ணெய் கேட்டுப் போராடினோம், விலை ஏறியதும் அந்தக் கோரிக்கையை மறந்துவிட்டோம். விலை நன்றாக இருக்கும்போதே ஒப்பந்தம் கேட்பதுதான் புத்தி. விழுந்த பிறகு கேட்டால் அது நிவாரணம் ஆகிவிடுகிறது.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஒன்றியத்தில் அரசு விடுதி, அரசு மருத்துவமனை, அன்னதானம் போடும் கோயில் எத்தனை இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தந்தப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். போன வருடம் என்னென்ன உணவுப் பொருள், எத்தனை கிலோ, யாரிடம், என்ன விலைக்கு, எத்தனை நாளில் பணம் கொடுத்தீர்கள் என்று கேட்டால் போதும். அந்தக் கணக்கு கையில் இருந்தால் கிராமசபையில் தீர்மானம் கொண்டுவரலாம், ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் பேசலாம். "உள்ளூரில் வாங்குங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் மனுவை வாங்கி வைத்துக்கொள்வார்கள். "மாதம் 140 கிலோ உளுந்து வாங்குகிறீர்கள், எங்களிடம் இருக்கிறது, இந்த விலைக்குத் தருகிறோம்" என்று எண்ணோடு சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் நிறுவனத்தின் சார்பில் எங்கள் தலைவி கையெழுத்தில் ஐந்து மனுக்கள் போட்டிருக்கிறோம். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் அந்த எண்களை இதே இதழில் எழுதுகிறேன். உங்கள் ஊரில் கிடைத்ததையும் அனுப்பி வையுங்கள், சேர்த்து ஒரு பட்டியல் போடலாம்.